ஏழாம் மாதத்துக்கு ஒரு கூலர்

மார்ச் 6

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் முக்கால்வாசி சுகம். மீதிக் காலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் படித்திருந்தால் நன்றி.

உங்கள் தங்கை மறுபடி முழுகாமல் இருக்கிறாள். ஐந்தாம் மாதம். இதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் வாயைக் கட்டி வைத்திருந்தாள். போன தடவை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, அப்புறம் அத்தனை பேரும் வந்து துக்கம் கேட்டதை அவள் மறக்கவில்லை. நேற்றுத்தான், "அண்ணனுக்கு மட்டும் எழுதுங்க" என்று உத்தரவு கிடைத்தது.

ரத்த அழுத்தம் கூடுகிறதாம். இடது பக்கம் சாய்ந்து படுத்தே இருக்க வேண்டும், படி ஏறி இறங்கக்கூடாது, ரயில் பயணம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். கடைசியாக ஒன்று சொன்னார், உடம்பு சூடாக விடக்கூடாது என்று. அதற்குத்தான் என்னிடம் வழி இல்லை. எங்கள் அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மூன்று மாடிக்கு மேலே, சிமென்ட் ஷீட் கூரை. மதியம் இரண்டு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியாது. போன மே மாதம், ஏழாம் மாதத்தில், இந்த அறையில்தான் நடந்தது. இந்த முறையும் ஏழாம் மாதம் மே மாதத்தில்தான் வருகிறது.

அன்று ஆஸ்பத்திரி நடையில், "அடுப்புக்குள்ள போட்டு என் தங்கச்சிய வேக வெச்சுட்டீங்க" என்று சொன்னீர்கள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இத்தனை மாதம் எனக்குப் பதில் எழுத வரவில்லை.

கடையில் விற்கிற கூலர் என் கைக்கு எட்டாது. நீங்கள் கூலர் பட்டறையில் ஃபிட்டர். நான் போர்டு எழுதுகிற பெயிண்டர், ஆணி அடித்தால் விரலில்தான் படும். ஆனாலும் சொல்லிக் கொடுத்தால் செய்துவிடுவேன். எப்படி என்று எழுதுங்கள், மச்சான்.

பதிலுக்குக் காத்திருக்கும்
மாப்பிள்ளை


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவளும் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

லீவு கேட்டுப் பார்த்தேன். சீசன் முடிகிற வரை அந்தப் பேச்சையே எடுக்காதே என்கிறார் முதலாளி.

முதலில் ஒரு சோதனை. மதியம் ஒரு பனியனை நனைத்துப் பிழிந்து, அறைக்கு வெளியே நிழலில் போடுங்கள். எத்தனை நேரத்தில் காய்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்தால் கூலர் வேலை செய்யும். காயாமல் பிசுபிசுவென்று இருந்தால் செய்யாது, வீண் வேலை.

காய்ந்தால் இவற்றைச் சேருங்கள். இரண்டடி உயரப் பெட்டி செய்யத் தகரம். கோழிக்கூண்டு வலை. சுவரில் மாட்டுகிற பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், பழசு போதும். மீன் தொட்டியில் போடுகிற சின்ன மோட்டார். விரல் தடிமனில் பிளாஸ்டிக் குழாய் நாலு கஜம். கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் திணித்து வருமே மரச்சுருள், அது ஒரு சாக்கு.

அவளை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


மார்ச் 30

அன்பு மச்சானுக்கு,

எல்லோரும் சௌக்கியமா? இங்கே நோயாளி சௌக்கியம், பணிவிடைக்காரன்தான் இளைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அவள் நாலு தடவை படித்தாள். "அண்ணன் எழுத்து கோணலா இருக்கு, அழுதுகிட்டேதான் எழுதியிருக்கான்" என்கிறாள். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு மோட்டார், குழாய், வலை என்றுதான் தெரிந்தது.

பனியன் பரீட்சையில் பாஸ். முப்பது நிமிடத்தில் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. நம்பிக்கை வராமல் மறுநாளும் போட்டேன், இருபத்தெட்டு நிமிடம். என் வாழ்நாளில் பனியன் காய்வதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தகரத்துக்கு நான் எங்கே போவேன் என்று நினைத்தீர்களா? மொட்டை மாடி முழுக்கப் பழைய போர்டுகள் கிடக்கின்றன. புதுசு மாட்டினால் பழசை என் தலையில்தான் கட்டுவார்கள். ஒரு பல் டாக்டர் போர்டை முன்பக்கத்துக்கு வெட்டியிருக்கிறேன். ஃபேனுக்கு ஓட்டை போட்டது போக "வலியின்றி" என்ற ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருக்கிறது. படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "போர்டுல போட்டுட்டா ஆச்சா? பொறுப்பு யாரு?" என்று கேட்கிறாள்.

மரச்சுருள் கண்ணாடிக் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். மோட்டார் வாங்கப் போன கடையில் எத்தனை மீன் என்று கேட்டார்கள். இப்போதைக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி எப்படிச் சேர்ப்பது? எழுதுங்கள். வெயில் தினமும் ஒரு படி ஏறுகிறது.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

இங்கே சின்னவனுக்கு ஜலதோஷம், மற்றபடி குறைவில்லை. அவளுக்குக் கால் வீக்கம் இருக்கிறதா? எழுதவில்லையே.

பெட்டியின் மூன்று பக்கமும் ஜன்னல் மாதிரி வெட்டி எடுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு வலை, நடுவில் மரச்சுருள், ஒன்றரை அங்குலக் கனம். அழுத்தித் திணித்தால் காற்று வராது. லேசாக விட்டால் ஓட்டை விழுந்து அது வழியாகச் சூடு வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், எங்கேயும் பளிச்சென்று தெரியக்கூடாது. நாலாவது பக்கம் ஃபேன். அடியில் நாலு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குள் மோட்டார். குழாயை மேலே சுற்றிக் கொண்டுபோய், கோணி ஊசியைச் சுட வைத்து அரை அங்குலத்துக்கு ஒரு துளை போடுங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சுருளில் இறங்க வேண்டும். ஃபேன் இழுக்கிற காற்று அந்த ஈரத்தின் வழியாக வரும்போது குளிர்ந்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

உள்ளே துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துரு ஏறினால் ஒழுகும். ஒழுகினால் தரை வழுக்கும். அவள் எழுந்து நடக்கிற வழி.

கரண்ட் விஷயம். தண்ணீரும் தகரமும் சேர்கிற இடம். மூன்று முள் பிளக் இல்லாமல் ஓட்டினால் நான் அங்கே வந்து உங்களை உதைப்பேன். எர்த் வயரைத் தகரத்தோடு முறுக்காமல், நட் போட்டு இறுக்குங்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர் ஊற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

கால் வீக்கம் பற்றி மறக்காமல் எழுதுங்கள். ராத்திரி தூங்குகிறாளா என்றும் எழுதுங்கள். பிள்ளை அசைகிறதா?

அண்ணன்


ஏப்ரல் 21

அன்பு மச்சானுக்கு,

சின்னவனுக்கு ஜலதோஷம் விட்டதா? இங்கே கால் வீக்கம் கொஞ்சம் உண்டு. தூக்கம் குறைவு. பிள்ளை அசைவதென்ன, உதைக்கிறது. உதைப்பது உங்கள் குடும்பத்து வழக்கம் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் புரிந்துகொண்டேன்.

கூலர் தயார். எர்த்தை எலக்ட்ரீஷியன் பார்த்துத் தலையாட்டிவிட்டார். என் கையில் எட்டு விரல்தான் இப்போது ஒழுங்காக மடங்குகிறது, மற்ற இரண்டும் மருத்துவ விடுப்பில். துருவைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம். உள்ளே பளபளவென்று இருக்கிறது. உங்கள் பட்டறைச் சரக்கெல்லாம் தோற்றுப் போகும்.

நேற்று அறைக்குள் முப்பத்தெட்டு டிகிரி. நெற்றியில் ஈரத் துணியோடு படுத்திருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை மதியம் ஓட்டுகிறேன். எத்தனை டிகிரி இறங்கியது என்று உடனே எழுதுகிறேன்.

அவசரத்தில்
மாப்பிள்ளை


மே 8

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. "நாளைக்கு ஓட்டுகிறேன், உடனே எழுதுகிறேன்" என்று எழுதினீர்கள். பதினேழு நாள் ஆகிவிட்டது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைவதற்கே பயப்படுகிறார்.

போன வருடமும் இப்படித்தான் பத்து நாள் பேச்சு மூச்சில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியாத ஆள், எதற்குக் கூலர் செய்யக் கேட்டீர்கள்? உங்கள் விளையாட்டுக்கு அவள்தான் கிடைத்தாளா? அன்று நடையில் நான் சொன்னது தப்பு என்று இந்த இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

வருகிற வாரம் வேலை போனாலும் பரவாயில்லை என்று புறப்பட்டு வருவேன். அவளை எப்படியாவது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மறு வேலை. ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வரி.

அண்ணன்


மே 13

என் அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். பிள்ளையும் நல்லா இருக்கு. முதலில் இந்த இரண்டையும் படித்து மூச்சு விடு, அப்புறம் மற்றதைப் படி. அண்ணி சுகமா? பிள்ளைகள் சுகமா?

நீ அவருக்கு எழுதின கடிதம் இன்று காலை, அவர் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் வந்தது. நான்தான் பிரித்தேன். அவரிடம் காட்டவில்லை. இப்போது அது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. காட்டியிருந்தால் மனுஷன் உடைந்து போயிருப்பார்.

நடந்தது இதுதான். துரு ஏறக்கூடாது என்று நீ எழுதினாய் அல்லவா? பெயிண்டரிடம் துரு என்றால் அவர் வேறென்ன செய்வார்? பெட்டிக்குள் மூன்று கோட் எனாமல் அடித்துவிட்டார். மேலே காய்ந்த மாதிரி இருந்தது, மூலையிலெல்லாம் பச்சையாகவே நின்றிருக்கிறது. பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். குளிர்ச்சி வெளியே போய்விடக்கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினார். சுவிட்சைப் போட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டர்பன்டைன் நெடி, அண்ணா. குடலைப் பிடுங்கியது. அவருக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடமாகப் பெயிண்ட் டப்பாவுக்குள்ளேயே இருக்கிற மூக்கு அது, செத்துப் போய் ரொம்ப நாளாகிறது. "எப்படி இருக்கு, எப்படி இருக்கு"ன்னு கேட்டுக்கொண்டே இருந்தார். விரலெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு அப்படிக் கேட்கிற ஆளிடம் நான் என்ன சொல்ல? "ஜில்லுனு இருக்குங்க" என்றேன். இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அறையே ஈரத் துணிக்குள் சுருட்டி வைத்த மாதிரி புழுங்க ஆரம்பித்தது. எழுந்து வாந்தி எடுத்தேன். அப்புறம் எனக்கு நினைவில்லை. தப்பு என் பேரிலும் இருக்கிறது.

மூன்று மாடியும் அவரே தூக்கிக்கொண்டு இறங்கினாராம். கீழ்வீட்டுக்காரம்மா சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நர்ஸ் வயிற்றில் குழலை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுவிட்டு, அவரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். காதை வைத்தவர் எடுக்கவே மாட்டேன் என்கிறார். "சார், மத்தவங்களையும் நான் பாக்கணும்" என்று நர்ஸ் சொல்லித்தான் எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் எறிந்துவிட்டார். இப்போது சணல் சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டிவிட்டு, வேலைக்கும் போகாமல் விசிறிக்கொண்டே இருக்கிறார். உனக்கு எழுதுங்கள் என்றால் பேனாவை எடுக்கிறார், வைக்கிறார். நீ மறுபடி அதைச் சொல்லிவிடுவாய் என்று பயம்.

சொல்லாதே, அண்ணா. அன்று நீ நடையில் கத்திவிட்டுப் போய்விட்டாய். அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் கூரை மேல் ஏறிச் சாக்கு நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது அந்த அறைக்குள் நான் கூட இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

உன்
வாலு


மே 18

மாப்பிள்ளைக்கு,

வாலு எழுதின கடிதம் கிடைத்தது. கடவுள் காப்பாற்றினார். என் வீட்டுக்காரி ஒரு பாட்டம் அழுது முடித்தாள். நானும்தான், இதை நீங்கள் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பு என்னுடையது. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, முழுக்கப் படியுங்கள்.

கூலரை அறைக்குள் வைக்கக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே வைக்க வேண்டும். வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் கதவோ ஜன்னலோ ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும். ஈரக்காற்று அது வழியாக வெளியேறினால்தான் குளிரும். சாத்தினால் அரை மணி நேரத்தில் புழுக்கம். பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன், நான் இதை எழுதவில்லை. பட்டறையில் பெட்டி செய்து லாரியில் ஏற்றுவதோடு எங்கள் வேலை முடிந்தது. எங்கே வைப்பது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே இல்லை, எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு கதவு திறந்திருந்தால் பெயிண்ட் நெடிகூட இந்த அளவுக்குப் போயிருக்காது.

துருவைப் பற்றியும் நான் தெளிவாக எழுதவில்லை. தண்ணீர் நிற்கிற இடத்தில் தகரமே வேண்டாம். துணி அலசுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அடியில் வைத்துவிடுங்கள். எனாமல் அடித்த தகரத்தை வெயிலில் பத்து நாள் போடுங்கள். உங்கள் மூக்கை நம்பாதீர்கள், கீழ்வீட்டுக்காரம்மாவை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மே 8-ம் தேதி நான் எழுதிய ஒன்று அவள் தலையணை உறைக்குள் இருக்கிறது. வாங்கிக் கிழித்துவிடுங்கள். படிக்காமல் கிழித்தால் நல்லது.

அன்று நடையில் சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். யாரையாவது திட்டாமல் என்னால் அங்கே நின்றிருக்க முடியாது. நீங்கள்தான் பக்கத்தில் நின்றீர்கள்.

பெட்டியைத் தூக்கி வாருங்கள், மாப்பிள்ளை. அது நல்ல பெட்டியாகத்தான் இருக்கும்.

அண்ணன்


ஜூன் 4

அன்பு மச்சானுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் என் வணக்கம். எங்கள் சுகத்தை இந்தத் தடவை டிகிரியில் எழுதுகிறேன். வெளியே நாற்பத்தொன்று, கட்டில் பக்கம் இருபத்தொன்பது!

பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது, தட்டி எடுத்தேன். நான் எறிந்ததில் நிஜமாகவே உடைந்தது என் கால் கட்டைவிரல் நகம்தான். ஜன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டம் அடித்து அதன் மேல் உட்கார வைத்திருக்கிறேன். கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது, அளந்துதான் வைத்தேன். கீழ்வீட்டுக்காரம்மா பெட்டிக்குள் தலையை விட்டு மூன்று நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இனிமே ஓட்டலாம் தம்பி" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

இந்த முறை "எப்படி இருக்கு" என்று நான் கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். கால் மணி நேரம் காத்திருந்தேன். எட்டிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். மதியம் இரண்டு மணிக்கு, மச்சான், அந்த அறையில்! நான் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு தடவை நன்றாக அழுதுவிட்டு வேலைக்குப் போனேன்.

ஏழாம் மாதம் முடிந்துவிட்டது. எட்டு நடக்கிறது. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இப்படியே இருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. அவர் பாதியும் கூலர் பாதியும் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

தலையணை உறைக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கிழித்தேன். கோபம் வரவில்லை. "ஒரே ஒரு வரி" என்று கெஞ்சியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை அன்றே எழுதாமல் விட்டதற்கு நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும்.

என்றும் உங்கள்
மாப்பிள்ளை


ஜூலை 11

மச்சான்! அக்கா! பிள்ளைகளே!

பெண் பிள்ளை. நேற்றுக் காலை ஆறேகால் மணி. இரண்டு கிலோ எழுநூறு. தாயும் மகளும் சுகம், சுகம், சுகம்.

பிறந்ததும் அழவில்லை. நான் கதவில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள், நடை முழுக்கக் கேட்டது. உங்கள் குரல்தான், சந்தேகமே இல்லை.

நாலு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். நர்ஸ் எல்லா விவரமும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: பிறந்த குழந்தை மேல் நேராக ஈரக்காற்று படக்கூடாது, கூலரை நிறுத்தி வைக்க வேண்டும். நான்கு மாதம் தவமாய்த் தவமிருந்து செய்த சாமான்! வாலு பிரசவ வலியை மறந்து சிரிக்கிறாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் வியர்த்துக்கொண்டே இருந்துகொள்கிறோம், மச்சான், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் மழை வேறு எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

இனி எல்லோருக்கும் சொல்லலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. உங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தகப்பன்


ஜூலை 17

மாப்பிள்ளைக்கும் வாலுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இந்தத் தடவை கடிதத்தைப் பட்டறை விலாசத்துக்கே போட்டுவிட்டீர்கள், அதனால் லேத் பக்கத்தில் நின்றபடியே படித்தேன்.

நர்ஸ் சொன்னது சரி. நிறுத்தியே வையுங்கள். மோட்டாரைக் கழற்றித் துடைத்து வையுங்கள், மரச்சுருளை எறிந்துவிடுங்கள், அடுத்த வருடம் புதுசு போட்டுக்கொள்ளலாம்.

உடனே முதலாளியிடம் போய் லீவு கேட்டேன். சீசன் முடிந்ததா, முடியவில்லையா என்றெல்லாம் யோசிக்கவில்லை. போன வருடம் உங்கள் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது, எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்டார். "சும்மாதான், ஒரு வேலையா" என்று சொல்லிவிட்டுப் போய் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. இந்தத் தடவை அவர் ரெஜிஸ்டரைத் திறந்து, "எதுக்கு லீவு?" என்றார்.

"மருமகளைப் பாக்கணும்" என்றேன்.

எத்தனை நாள் என்று சொல்லாமல், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன். பட்டறையில் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், பத்து நாள் என்று அவரே எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நாங்கள் எல்லோரும் வருகிறோம். யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தரும் எங்கேயும் நகரக்கூடாது.

மாமன்